மார்மன் முன்னோடிகளும் துப்பாக்கி ஏந்திய ஊர்ப்படைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1838 அக்டோபரில் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தின் வடமேற்கே இரண்டு படைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இரண்டும் ஒரே மாநிலத்தின் ஊர்ப்படைகள்தான். இரண்டுக்கும் தலைமைத் தளபதி ஒரே ஆளுநர்தான். மார்மன் வரலாற்றின் முதல் ஐம்பது வருஷங்களைப் படிக்கிற எவரும் இந்த இடத்தில் குழம்பிப் போவார்கள். யார் அரசுப் படை, யார் கலகக் கும்பல் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்தப் பக்கம்.

மார்மன்கள் என்று யாரைச் சொல்கிறோம்?

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஃபேயட் என்ற சிற்றூரில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் ஒரு சபையைத் தொடங்கினார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் 'மார்மன் புத்தகம்' அச்சாகி வெளிவந்திருந்தது. அந்தப் பெயரை வைத்தே வெளியார் இவர்களை மார்மன்கள் என்று அழைக்கத் தொடங்கினார்கள். இன்று அந்தச் சபையின் பெரிய கிளைக்குப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று பெயர். அவர்களுடைய நம்பிக்கை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவர்கள் எப்படித் துப்பாக்கி தூக்கினார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

மிலிஷியா, அதாவது ஊர்ப்படை, என்றால் ராணுவமா, போலீஸா?

இரண்டும் இல்லை. பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற அமெரிக்காவுக்கு நிரந்தர ராணுவத்தின் மேல் பயம் இருந்தது. அரசனின் சிப்பாய்களை வீட்டுக்குள் குடிவைத்துப் பார்த்த அனுபவம் அது. அதனால் ராணுவத்தைச் சிறிதாக வைத்துக்கொண்டு, பாதுகாப்பை ஊர் ஆண்களிடமே விட்டார்கள். 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 முதல் 45 வயது வரையுள்ள உடல் வலுவுள்ள வெள்ளை ஆண்கள் எல்லோரும் ஊர்ப்படையில் பெயர் பதிய வேண்டும். துப்பாக்கியையும் தோட்டாவையும் அவரவரே கொண்டுவர வேண்டும். வருஷத்தில் சில நாட்கள் திடலில் கூடிப் பயிற்சி எடுப்பார்கள். தங்கள் கேப்டனைப் பெரும்பாலும் அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேப்டனைத் தேர்ந்தெடுப்பது ஊர் என்றால், ஊர் யாரை வெறுக்கிறதோ அவர்களைக் கேப்டனும் வெறுப்பார். திங்கட்கிழமை நீதிமன்ற ஜூரியில் உட்கார்ந்தவர் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டைக் கொளுத்தும் கும்பலில் இருக்கலாம். புதன்கிழமை ஆளுநர் கூப்பிட்டால் அதே ஆள் அதே துப்பாக்கியோடு ஊர்ப்படை வீரராக வந்து நிற்பார். இந்தப் பக்கத்தில் வரும் எல்லாத் துயரங்களுக்கும் வேர் இந்த அமைப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மதவெறியை மட்டும் காரணம் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு மார்மன்கள் மேல் அவ்வளவு என்ன பகை?

1831இல் ஜோசப் ஸ்மித், மிசோரியின் ஜாக்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) உள்ள இண்டிபெண்டென்ஸ் ஊரைச் சீயோன் என்று அறிவித்தார். கிறிஸ்து திரும்பி வரும்போது பரிசுத்த நகரம் எழும்பப்போகிற இடம் அது என்றார். மார்மன்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிலம் வாங்கினார்கள், ஒரே அணியாக ஓட்டுப் போட்டார்கள், பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே வியாபாரம் செய்தார்கள். இந்த நிலம் கடவுள் எங்களுக்குத் தரப்போகும் உரிமைச் சொத்து என்று வெளிப்படையாகப் பேசினார்கள். ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் பலர் தெற்கிலிருந்து வந்தவர்கள், மிசோரியும் அடிமை முறை உள்ள மாநிலம். வடக்கிலிருந்து வந்த இவர்கள் அடிமைகளைத் தூண்டிவிடுவார்கள் என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

1833 ஜூலை 20 அன்று ஒரு கும்பல் மார்மன் அச்சகத்தை இடித்து, எட்வர்ட் பார்ட்ரிட்ஜ் என்ற பிஷப்பின் உடம்பில் தாரைப் பூசிக் கோழி இறகுகளை ஒட்டியது. நவம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குளிரில் மிசோரி ஆற்றைக் கடந்து ஓடினார்கள். அப்போது ஊர்ப்படையும் வந்தது. வந்து மார்மன்களின் ஆயுதங்களை வாங்கி வைத்துக்கொண்டது!

'சீயோன் படை' என்பது என்ன? அது தோற்றுப்போன பயணம் என்கிறார்களே?

விரட்டப்பட்டவர்களுக்கு நிலத்தை மீட்டுத் தர, 1834 மே மாதம் ஜோசப் ஸ்மித் ஒஹாயோவின் கர்ட்லாண்டிலிருந்து சுமார் இருநூறு பேரோடு மிசோரிக்குப் புறப்பட்டார். கிட்டத்தட்ட தொள்ளாயிரம் மைல், பெரும்பாலும் கால்நடைதான். மிசோரி ஆளுநர் டன்க்ளின் ஊர்ப்படையைத் துணைக்கு அனுப்புவார், அதோடு சேர்ந்து ஊருக்குள் போகலாம் என்பது எண்ணம். ஆளுநர் பின்வாங்கிவிட்டார். ஜூன் 19 இரவு ஃபிஷிங் ஆற்றங்கரையில் இவர்களைத் தாக்கக் காத்திருந்தவர்களைப் பெரும் ஆலங்கட்டி மழை கலைத்தது. சில நாட்களில் முகாமில் காலரா வந்துவிட்டது, பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒரு அடி நிலமும் மீளவில்லை. படை கலைந்தது.

நிலக் கணக்கில் பார்த்தால் தோல்விதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்த வருஷம் சபையின் உயர் தலைவர்களாகப் பன்னிரண்டு அப்போஸ்தலர்களைத் தேர்ந்தெடுத்தபோது அதில் பெரும்பாலோர் இந்தப் பயணத்தில் நடந்தவர்கள். பிரிகம் யங், ஹீபர் கிம்பல் இருவரும் அதில் இருந்தார்கள். சில வருஷம் கழித்து அப்போஸ்தலரான வில்ஃபர்ட் உட்ரஃபும் அப்படியே. கூட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர், சமையலுக்கும் தண்ணீருக்கும் காவலுக்கும் தனித்தனி ஆள், எக்காள ஒலிக்கு எழுந்து ஜெபித்துவிட்டு நடப்பது, எல்லாம் அங்கே பழகியவை. பதின்மூன்று வருஷம் கழித்து யூட்டாவுக்குப் போன வண்டித்தொடரை பிரிகம் யங் நடத்திய விதத்துக்கு ஒத்திகை இதுதான்.

டானைட்டுகள் என்று ஒரு ரகசியப் படை இருந்ததா?

இருந்தது. 1838 கோடையில் மிசோரியில் சாம்சன் அவார்ட் என்பவர் முன்னின்று அமைத்த, சத்தியம் செய்து சேர்கிற குழு அது. முதலில் சபையை விட்டு விலகிய பழைய தலைவர்களை ஊரைவிட்டு விரட்டுவதற்கு, பிறகு வெளியாரோடு மோதுவதற்கு. ஜோசப் ஸ்மித்துக்கு அதில் எவ்வளவு தெரியும் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அந்த வருஷ இறுதிக்குப் பிறகும் அது பல பத்தாண்டுகள் ரகசியமாக இயங்கியது என்ற கதைகள் பெரும்பாலும் மலிவு நாவல்களிலிருந்து வந்தவை.

1838இல் உண்மையில் என்ன நடந்தது?

1836 டிசம்பரில் மார்மன்களுக்கென்றே கால்ட்வெல் என்ற கவுண்டியை மிசோரி சட்டமன்றம் உருவாக்கிக் கொடுத்தது. கவுண்டி இருந்தால் அதற்கு ஊர்ப்படையும் உண்டு. ஆகவே இப்போது மார்மன்களிடம் மாநிலம் ஒப்புக்கொண்ட ரெஜிமென்ட் ஒன்று இருந்தது. கவுண்டிக்குள் அடங்கியிருந்தால் சிக்கல் வந்திருக்காதோ என்னவோ, குடியேறியவர்கள் பெருகி அக்கம்பக்கக் கவுண்டிகளுக்கும் பரவினார்கள். ஆகஸ்ட் 6 அன்று கேலட்டின் ஊரில் மார்மன்களை ஓட்டுப் போட விடாமல் தடுத்ததில் கைகலப்பு. அக்டோபரில் டிவிட் என்ற ஊரை முற்றுகையிட்டு மார்மன்களை வெளியேற்றினார்கள். பதிலுக்கு மார்மன் ஆட்கள் கேலட்டினைச் சூறையாடி வீடுகளைக் கொளுத்தினார்கள். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த வாரங்களில் இரு தரப்பு வீடுகளும் எரிந்தன.

அக்டோபர் 25 விடியற்காலை குருக்கட் ஆற்றங்கரையில் மோதல். எதிரே இருந்தது சாமுவேல் போகார்ட் என்ற கேப்டனின் மாநில ஊர்ப்படை. மார்மன்களை நடத்தியவர் டேவிட் பேட்டன், பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர், 'பயமறியாக் கேப்டன்' என்று பேர் வாங்கியவர். அவர் வயிற்றில் குண்டு பாய்ந்து செத்தார். மார்மன் தரப்பில் மூவர், எதிர்த்தரப்பில் ஒருவர், அவ்வளவுதான் சாவு. ஆனால் ஒரு கம்பெனியையே வெட்டிப்போட்டார்கள் என்ற புரளி தலைநகர் வரை போனது.

இரண்டு நாளில் ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் ஆணை எண் 44இல் கையெழுத்திட்டார். மார்மன்களை எதிரிகளாக நடத்த வேண்டும், பொது அமைதிக்குத் தேவையானால் அவர்களை அழித்தொழிக்கவோ மாநிலத்தை விட்டு விரட்டவோ வேண்டும் என்றது அந்த ஆணை. ஒரு அமெரிக்க மாநில ஆளுநர் தன் சொந்தக் குடிமக்களைப் பற்றி எழுதியது இது.

அக்டோபர் 30 மாலை ஹான் ஆலை என்ற சிறு குடியிருப்புக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள் குதிரையில் நுழைந்தார்கள். ஆளுநரின் ஆணை கைக்குக் கிடைத்துத்தான் வந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆண்கள் கொல்லன் பட்டறைக்குள் ஓடி ஒளிந்தார்கள். பட்டறையின் மரச்சுவர்களில் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருந்தது. அதன் வழியே துப்பாக்கியை நுழைத்துச் சுட்டார்கள். பதினேழு பேர் செத்தார்கள். துருத்திக்கு அடியில் பதுங்கியிருந்த பத்து வயதுச் சிறுவன் சார்டியஸ் ஸ்மித்தையும் இழுத்துச் சுட்டார்கள். அவன் தாய் அமாண்டா ஸ்மித் அன்று கணவனையும் இந்த மகனையும் இழந்தார். இன்னொரு மகனின் இடுப்பு மூட்டே குண்டில் சிதறியிருந்தது, அவனோடு அங்கேயே வாரக்கணக்கில் தங்கி அவனை நடக்க வைத்தார். பிணங்களைப் புதைக்க ஆள் இல்லாமல், தோண்டி முடிக்காத ஒரு கிணற்றில் இறக்கி மண்ணைத் தள்ளினார்கள்.

ஆணை எண் 44 முறைப்படி ரத்தானது 1976 ஜூன் 25 அன்று. 138 வருஷம்.

அந்த ஊர்ப்படையில் ஒருவர்கூட மறுக்கவில்லையா?

மறுத்தவர் உண்டு, அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. மார்மன்களின் தலைமை ஊரான ஃபார் வெஸ்ட் சரணடைந்தபோது, தளபதி சாமுவேல் லூகாஸ் ஒரு ராணுவ விசாரணை நடத்தி, ஜோசப் ஸ்மித்தையும் கூட இருந்தவர்களையும் மறுநாள் காலை ஊர்ச் சதுக்கத்தில் சுட்டுக் கொல்ல அலெக்சாண்டர் டானிபனுக்கு உத்தரவு போட்டார். டானிபன் வக்கீல், ஊர்ப்படையில் பிரிகேடியர். மார்மன் கிடையாது. இது பச்சைக் கொலை, நான் கீழ்ப்படிய மாட்டேன், என் படை காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் புறப்படுகிறது, இவர்களைக் கொன்றால் உங்களைச் சட்டத்தின் முன் நிறுத்துவேன் என்ற பொருளில் பதில் எழுதினார். லூகாஸ் அடங்கினார். கைதிகளை லிபர்ட்டி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குளிர்காலம் முழுவதும் கிடந்துவிட்டு, 1839 ஏப்ரலில் வேறிடத்துக்கு விசாரணைக்குக் கொண்டுபோகும் வழியில் தப்பினார்கள். காவலர்களே கண்டும் காணாமல் விட்டார்கள் என்பது பரவலான கருத்து.

நாவூ லீஜியன் எப்படி உருவானது?

மிசோரியிலிருந்து ஆயிரக்கணக்கான அகதிகள் இல்லினாய் மாநிலத்துக்குள் வந்தார்கள். குவின்சி ஊர் மக்கள் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தார்கள். மிசிசிப்பி ஆற்றின் ஒரு வளைவில், கொசுவும் மலேரியாவும் நிறைந்த சதுப்பு நிலத்தை வாங்கி நாவூ என்று பெயர் வைத்தார்கள். 1840 டிசம்பரில் மாநிலம் கொடுத்த நகரச் சாசனத்தில் நகரத்துக்கென்றே ஒரு படை வைத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தது. அந்தச் சாசனத்துக்காகச் சட்டமன்றத்தில் ஆள் பிடித்தவர் ஜான் பென்னட், மாநில ஊர்ப்படையின் தளவாட அதிகாரி. ஆசை மிக்கவர், பின்னாளில் சபையிலிருந்து விலக்கப்பட்டு அதற்கே பெரும் எதிரியானவர்.

1841 பிப்ரவரியில் நாவூ லீஜியன் என்ற அந்தப் படை அமைந்தது. குதிரைப்படை ஒரு பிரிவு, காலாட்படை ஒரு பிரிவு. மற்ற ஊர்ப்படைகளிலிருந்து அது வேறுபட்ட இடம் எது தெரியுமா? லீஜியன் அதிகாரிகளின் மன்றமே தனக்கு வேண்டிய விதிகளை இயற்றலாம். நகரச் சட்டத்தை நிறைவேற்ற மேயர் லீஜியனை அழைக்கலாம். பின்னாளில் மேயர், படைத்தலைவர், சபையின் தீர்க்கதரிசி மூன்றும் ஜோசப் ஸ்மித் ஒருவரே ஆனார். லெப்டினன்ட் ஜெனரல் என்ற பதவியும் அவருக்கு. அமெரிக்காவில் அந்தப் பதவியை அவருக்கு முன் வகித்த பெரிய பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். அக்கம்பக்கத்தாரின் நிலையில் இருந்து பார்த்தால் பயம் புரிகிறது. மிசோரியில் மாநிலப் படையே தங்களைச் சுட்டதைப் பார்த்தவர்களின் நிலையில் இருந்து பார்த்தால் இந்தப் படையும் புரிகிறது.

ஆட்கணக்கு இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை பலவிதமாகச் சொல்கிறார்கள். மாநிலம் கொடுத்த ஆயுதமோ சில நூறு துப்பாக்கிகளும் மூன்று பீரங்கிகளும்தான். மற்றவர்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். சீருடையும் அப்படித்தான், முடிந்தவர்கள் தைத்துக்கொண்டார்கள். அணிவகுப்புக்கு வராவிட்டால் அபராதம், பதவி உயர உயர அபராதமும் அதிகம். 1841 ஏப்ரல் 6 அன்று ஆலயத்துக்கு மூலைக்கல் நாட்டியபோது லீஜியன் முழு அணிவகுப்பில் வந்தது. பேண்டு வாத்தியம், குதிரை, ஆற்றங்கரை முழுக்க வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்! இரண்டரை வருஷத்துக்கு முன் கைவிலங்கோடு நின்றவர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜோசப் ஸ்மித்துக்குப் போர் அனுபவம் உண்டா?

கிடையாது. சிறுவயதில் கால் எலும்பில் நோய் வந்து அறுவை சிகிச்சை செய்த உடம்பு, லேசாக விந்தி நடப்பார். ஆனால் நீலச் சீருடையும் வாளுமாகக் குதிரையில் வருவதை அவர் மிகவும் விரும்பினார். லீஜியனின் அன்றாடப் பயிற்சி மற்ற அதிகாரிகளின் பொறுப்பு.

அவ்வளவு பெரிய படை இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே?

படை இருந்ததால்தான் அவர் சிறைக்குள் இருந்தார். 1844 ஜூன் 7 அன்று, சபையிலிருந்து பிரிந்தவர்கள் 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்ற பத்திரிகையின் ஒரே இதழை வெளியிட்டார்கள். ஜோசப் ஸ்மித்தின் ரகசியப் பலதார மணத்தையும் ஒரே ஆளிடம் குவிந்த அதிகாரத்தையும் அது தாக்கியது. நகர மன்றம் அதைத் தொல்லை என்று தீர்மானித்தது, மேயர் உத்தரவிட்டார், ஜூன் 10 அன்று அச்சு இயந்திரத்தை உடைத்தார்கள். தங்கள் அச்சகம் இடிபட்டதற்கு அழுதவர்கள் அதையே செய்தார்கள். அவர் செய்த பெரிய தவறு இது என்றே நினைக்கிறேன். சுற்றுவட்டாரம் கொதித்தது. ஜூன் 18 அன்று அவர் ராணுவச் சட்டம் அறிவித்து, கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் சட்டகத்தின் மேல் சீருடையில் ஏறி நின்று லீஜியன் முன் பேசினார்.

அந்த அறிவிப்பே மாநிலத்துக்கு எதிரான துரோகம் என்று வழக்கானது. பத்திரிகை வழக்கில் ஜாமீன் கிடைத்தது, துரோக வழக்கு அவரைக் கார்த்தேஜ் சிறையில் வைத்தது. அதற்கு முன்பே ஆளுநர் தாமஸ் ஃபோர்டின் கட்டளைப்படி லீஜியன் மாநில ஆயுதங்களைத் திருப்பிக் கொடுத்திருந்தது. ஜூன் 27 அன்று ஆளுநர் ஊர்ப்படையில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு, கார்த்தேஜ் கிரேஸ் என்ற உள்ளூர்க் கம்பெனியைக் காவலுக்கு வைத்தார். மார்மன்களை வெறுத்ததில் பேர்போன கம்பெனி அது. கலைக்கப்பட்ட வார்சா ஊர்ப்படையினரில் பலர் முகத்தில் கரி பூசிக்கொண்டு அன்று மாலையே சிறைக்கு வந்தார்கள். ஜோசப் ஸ்மித்தும் அண்ணன் ஹைரமும் கொல்லப்பட்டார்கள். கூட இருந்த ஜான் டெய்லர் பல குண்டுகளோடு பிழைத்தார். மறுவருஷம் ஐந்து பேர் மேல் வழக்கு நடந்தது, ஜூரி எல்லோரையும் விடுவித்தது.

நாவூவில் ஆயிரக்கணக்கானோர் கோபத்தில் இருந்தும் பழிவாங்கல் நடக்கவில்லை. ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால் இல்லினாய் முழுவதும் வந்து இறங்கியிருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மேற்கே போன வண்டித்தொடரிலும் ராணுவ ஒழுங்கு இருந்ததா?

நிறையவே. ஜோசப் ஸ்மித்துக்குப் பிறகு தலைமையேற்ற பிரிகம் யங்கின் கீழ், 1846 பிப்ரவரியில் நாவூவிலிருந்து வெளியேற்றம் தொடங்கியது. 1847இல் பத்து, ஐம்பது, நூறு பேருக்கு ஒவ்வொரு கேப்டன் என்று பிரித்தார்கள். இந்தப் பிரிவு பைபிளில் மோசே காலத்தில் இருப்பதும் அவர்களுக்குப் பெருமை. முதல் குழுவில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள், கூடவே ஒரு பீரங்கி. காலை ஐந்துக்கு எக்காளம், ஜெபம், ஏழுக்குப் புறப்பாடு. ஓட்டாதவர்கள் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு வண்டிக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். இரவு எட்டரைக்கு மறுபடி ஜெபம், ஒன்பதுக்குத் தூக்கம். வண்டிகளை வட்டமாக நிறுத்திக் காவல் போடுவார்கள். ஜூலை 24 அன்று பிரிகம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்.

விரட்டப்பட்டவர்கள் அதே அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார்களாமே?

சேர்ந்தார்கள். 1846 கோடையில் அயோவா சேற்றில் கூடாரம் போட்டுக் கிடந்தவர்களிடம் ஜேம்ஸ் ஆலன் என்ற கேப்டன் வந்து, மெக்சிகோவோடு போர், ஐந்நூறு ஆட்கள் வேண்டும் என்றார். மார்மன்கள் முதலில் இது தங்களை அழிக்கும் சூழ்ச்சி என்றுதான் நினைத்தார்கள். ஆனால் உதவி கேட்டு வாஷிங்டனில் அலைந்தவர்கள் மார்மன் தூதர்களே. குடியரசுத் தலைவர் போல்க்குக்கு இவர்கள் விசுவாசம் தேவை, பிரிகம் யங்குக்குப் பணம் தேவை. வீரர் ஒருவருக்கு ஒரு வருஷத்து உடைப் படி 42 டாலர் முன்பணமாகக் கிடைத்தது. அதில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கும் பொதுத் தேவைக்கும் கொடுத்துவிட்டு, இருந்த உடையோடு நடந்தார்கள்.

ஐந்து கம்பெனிகள். கம்பெனிக்கு நான்கு சலவைக்காரிகள் வைத்துக்கொள்ள ராணுவ விதி இடம் கொடுத்தது, அப்படிச் சில மனைவிகளும் கூடப் போனார்கள். ஆலன் லெவன்வொர்த் கோட்டையிலேயே நோயில் இறந்துவிட்டார். வழியெல்லாம் சாண்டர்சன் என்ற ராணுவ மருத்துவர் எந்த நோய்க்கும் பாதரச மருந்தைத் துருப்பிடித்த கரண்டியில் ஊற்றினார் என்று நாட்குறிப்புகள் புலம்புகின்றன. நோயாளிகளைப் பிரித்து அனுப்பிய பிறகு சான்டா ஃபேயிலிருந்து நடத்தியவர் பிலிப் குக். கண்டிப்பானவர். இவர்களைப் பார்த்ததும் கிழவரும் நோஞ்சானும் என்று நம்பிக்கை இழந்தார். அரிசோனாவில் சான் பெத்ரோ ஆற்றங்கரையில் காட்டு மாடுகள் பாய்ந்ததுதான் இவர்கள் பார்த்த ஒரே 'போர்'. கலிபோர்னியா நெருங்கும்போது ஒரு பாறை இடுக்கு வண்டியை விடக் குறுகல். கோடரியால் பாறையைச் செதுக்கி வழி உண்டாக்கினார்கள். 1847 ஜனவரி 29 அன்று சான் டியாகோ வந்தபோது ஏறக்குறைய இரண்டாயிரம் மைல் நடந்திருந்தார்கள். காலாட்படை இப்படி நடந்ததாக வரலாற்றில் தேடினாலும் கிடைக்காது என்று அதே குக் படைக்கு அறிக்கை எழுதினார்.

படையிலிருந்து விடுபட்ட சிலர் சட்டர் என்பவரின் மர அறுவை ஆலையில் கூலி வேலைக்குப் போனார்கள். அங்கே தங்கம் கிடைத்த நாள் 1848 ஜனவரி 24 என்று நமக்குத் தெரிவது ஹென்றி பிக்லர் என்ற பட்டாளத்துக்காரரின் நாட்குறிப்பால்தான்.

யூட்டா போரில் சண்டையே நடக்கவில்லை என்பது உண்மையா?

படைகள் நேருக்கு நேர் மோதவில்லை. 1857இல் குடியரசுத் தலைவர் புக்கானன், பிரிகம் யங்குக்குப் பதிலாகப் புது ஆளுநரை நியமித்து, அவரோடு ராணுவத்தையும் அனுப்பினார். யூட்டாவில் மறுபடி உயிர் பெற்றிருந்த நாவூ லீஜியன் டேனியல் வெல்ஸ் தலைமையில் திரண்டது. வெல்ஸ் கொடுத்த கட்டளை விசித்திரமானது: புல்லை எரி, கால்நடையை விரட்டு, இரவில் தூங்கவிடாதே, உயிரை எடுக்காதே. லாட் ஸ்மித் என்பவர் நாற்பது சொச்சம் ஆட்களோடு போய் ராணுவத்தின் உணவு வண்டிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டதைக் கொளுத்தினார். ராணுவம் பனியில் முடங்கியது.

வசந்தத்தில் சுமார் முப்பதாயிரம் பேர் வீடுகளில் வைக்கோலை நிரப்பி, தேவைப்பட்டால் கொளுத்த ஆள் வைத்துவிட்டுத் தெற்கே நகர்ந்தார்கள். பேச்சுவார்த்தையில் பொதுமன்னிப்பு வந்தது. 1858 ஜூன் 26 அன்று காலி நகரத்தின் வழியே ராணுவம் அமைதியாக நடந்து போனது. அதில் குக்கும் இருந்தார். தன்னோடு நடந்த மார்மன் பட்டாளத்துக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள்.

மௌண்டன் மெடோஸ் படுகொலையைச் செய்தது யார்?

மார்மன் ஊர்ப்படை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லக் கூடாது.

1857 செப்டம்பரில் ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன குடும்பங்கள் தெற்கு யூட்டாவில் தங்கின. ராணுவம் வருகிறது, மிசோரி மறுபடி நடக்கப்போகிறது என்ற பீதியில் அந்த ஊர்கள் இருந்தன. வெளியாருக்குத் தானியம் விற்காதீர்கள் என்று பிரசங்கங்கள் கேட்டன. செப்டம்பர் 7 அன்று, பாயூட் பழங்குடியினர் சிலரையும் சேர்த்துக்கொண்டு தாக்குதல் தொடங்கியது. பயணிகள் வண்டிகளை வட்டமிட்டு ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள், தண்ணீர் இல்லாமல்.

11ஆம் தேதி ஊர்ப்படை மேஜர் ஜான் லீ வெள்ளைக்கொடியோடு போய், ஆயுதத்தைக் கொடுத்தால் பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்றார். அவர்கள் நம்பினார்கள். ஒவ்வொரு ஆணுக்குப் பக்கத்திலும் ஒரு ஊர்ப்படை வீரர் காவலாக நடந்தார். சைகை கிடைத்ததும் பக்கத்தில் நடந்தவரையே சுட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றார்கள். ஏறக்குறைய 120 பேர். கதை சொல்ல முடியாத வயது என்று பதினேழு சிறு குழந்தைகளை மட்டும் விட்டார்கள். 1859இல் அரசு அவர்களை உறவினரிடம் சேர்த்தது.

உத்தரவு கொடுத்த வரிசையில் இருந்தவர்கள் ஊர்ப்படைக் கர்னல் வில்லியம் டேம், மேஜர் ஐசக் ஹெய்ட். இருவரும் சபைத் தலைவர்களும்கூட. என்ன செய்வது என்று கேட்டு ஹெய்ட் அனுப்பிய ஜேம்ஸ் ஹாஸ்லம் சால்ட் லேக் நகரத்துக்குச் சுமார் 250 மைல் குதிரையில் பறந்தார். அவர்களைத் தொடக் கூடாது, போக விடுங்கள் என்ற பிரிகம் யங்கின் கடிதத்தோடு திரும்பியது 13ஆம் தேதி. பிரிகம் யங்கின் ஆவேசப் பேச்சுகளுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது இன்றும் சர்ச்சை. பல வருஷம் பழியைப் பாயூட் மக்கள் மேல் போட்டார்கள். தண்டனை கிடைத்தது ஜான் லீ ஒருவருக்கு மட்டும். 1877 மார்ச் 23 அன்று அதே இடத்தில் அவரைச் சுட்டார்கள்.

ஹான் ஆலையில் ஒளிந்தவர்களுக்காக அழுத சமூகம் இது. இருபது வருஷம்கூட ஆகவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் எந்தப் புத்தகத்தையும் நான் நம்புவதில்லை.

பழங்குடியினரோடு உறவு எப்படி?

பிரிகம் யங் அவர்களோடு சண்டையிடுவதைவிடச் சோறு போடுவது மலிவு என்று சொன்னவர். ஆனால் நிலமும் தண்ணீரும் போனவர்களுக்கு அந்தச் சோறு போதவில்லை. 1850 பிப்ரவரியில் புரோவோ ஆற்றங்கரையில் அவர் அனுமதியோடு லீஜியன் டிம்பனோகோஸ் மக்களைத் தாக்கி, சரணடைந்த ஆண்களையும் கொன்றது. 1865இல் தொடங்கிய பிளாக் ஹாக் போரின்போது, சர்க்கிள்வில் ஊரார் காவலில் வைத்திருந்த பாயூட் குடும்பங்களை 1866 ஏப்ரலில் கொன்றார்கள். அந்த இடத்தில் நினைவுக்கல் வைத்தது 2016இல்.

லீஜியன் எப்போது முடிந்தது?

1862இல் உள்நாட்டுப் போரின் நடுவே, மேற்குத் தபால் பாதையைக் காக்க லிங்கன் அரசு பிரிகம் யங்கிடம் ஒரு குதிரைக் கம்பெனி கேட்டது. தொண்ணூறு நாளுக்கு நூறு பேர் போனார்கள். அவர்களை நடத்தியவர், ஐந்து வருஷத்துக்கு முன் அதே அரசின் உணவு வண்டிகளைக் கொளுத்திய லாட் ஸ்மித். 1870இல் கூட்டாட்சி ஆளுநர் ஷாஃபர் லீஜியன் அணிவகுப்பதைத் தடை செய்தார். அந்த நவம்பரில் தடையை மீறி நடத்திய பயிற்சிக்குச் சிலர் மரத்துப்பாக்கியோடு வந்தார்கள். பலதார மணத்தை ஒடுக்க 1887இல் வந்த எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் லீஜியனைக் கலைத்தது. 1894இல் யூட்டாவுக்குத் தேசியக் காவல்படை வந்தபோது, மார்மன்களும் மற்றவர்களும் ஒரே வரிசையில் பெயர் பதிந்தார்கள்.